விரலகலம்

ஒற்றைப்படை வாரம் அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு.
வீட்டைப் பிரித்த நீதிபதிக்குக்
காரைப் பிரிக்கத் தெரியவில்லை.
ஞாயிறு இரவு சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போவான் மென்சூர்.
எண்பத்தெட்டில் செய்த கோல்ஃப்.
பின் இருக்கையில் எந்நேரமும்
அவனுடைய தேன்பெட்டிகளின் மெழுகு வாசம்.

திங்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகள், பதினாறு மூட்டை.
கோன்யிட்ஸ் தாண்டி இவான் கணவாய் ஏற்றம்.
மூன்றாம் கியரில் மிதிக்கிறேன்.
எஞ்சின் கத்துகிறது,
வண்டி காதில் வாங்கவில்லை.
ஒரு முள் ஏறுகிறது, பக்கத்து முள் இறங்குகிறது.
பின்னால் மர லாரிக்காரன் ஹாரனிலேயே என் அம்மாவை இழுக்கிறான்.
அப்புறம் அந்த நாற்றம்:
முடியும் பழைய செருப்பும் சேர்ந்து கருகியதுபோல.

மேலே பெட்ரோல் பங்கில் ஃபிக்ரெத்
குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான்:
"தட்டு போச்சு. முழு செட். நானூறு மார்க்."
நானூறு மார்க் என்பது
எத்தனை விரிப்பு என்று எனக்குத் தெரியும்.

லாரிகள் நிற்கும் சமதளத்துக்கு உருட்டிப் போனேன்.
ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து,
மூன்றாம் கியர் போட்டு,
காலை மெல்ல எடுத்தேன்.
கிளட்ச் பிடித்தால் எஞ்சின் அங்கேயே சாக வேண்டும்.
செத்தது.
ஆனால் காப்பியைக் குடித்து முடித்து
வாசலில் இன்னொரு கதை பேசிவிட்டுக் கிளம்பும்
விருந்தாளி மாதிரி.

நியூட்ரலில் விட்டுக் காதைக் கொடுத்தேன்.
மிதித்தால் கீச்சில்லை, எடுத்தால் முனகலில்லை.
பேரிங் மேல் பழி போட முடியாது.
ரிவர்ஸ் கடகடக்காமல் விழுகிறது;
விடுவதில் குறையில்லை, பிடிப்பதில்தான்.
டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
எண்ணெய்க் கசிவு இல்லை. முதுகெல்லாம் ஜல்லி.

பிறகு பெடலைக் கையால் அழுத்தினேன்.
பாரம் தட்டுவதற்கு முன்
ஒரு விரலகலம் சும்மா ஆட வேண்டும் அது.
ஆடவில்லை.
தொட்டவுடன் விறைப்பு.
பிரேக் பெடலைவிட உயரமாக வேறு நின்றது.

பானட்டைத் திறந்தால்,
கேபிள் முனையில் நட்டுக்குப் பின்னால்
இருபது வருட அழுக்கு போய்ப்
பளபளவென்று மரை.
புத்தம்புது ஸ்பானர் கீறல்.

உருப்படியாக ஓடுகிற எதையும் விடமாட்டான் என்று
அவனைத் திட்டத் தொடங்கி, பாதியில் நின்றேன்.
இதை இறுக்குகிறவனுக்கு என்ன வேண்டும்?
கொஞ்சம் மிதித்தாலே கிளட்ச் விட வேண்டும்.
யாருக்கு அது வேண்டும்?
காலை முழுதாக மடக்கி நீட்ட முடியாதவனுக்கு.

இடது முழங்கால்.
பிளம் மரத்தில் தேனீக் கூட்டம் பிடிக்கப் போய் ஏணியோடு விழுந்தது.
"சரியாகிவிட்டது" என்றான் நீதிமன்ற நடையில்.
இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவேயில்லை.
திமிர் என்று நினைத்தேன்.
இந்த மாதம் இருக்கையை நான் முன்னால் இழுக்கும் தூரம்கூட
கூடியிருந்தது.
அதையும் திமிர் என்றுதான்.

நட்டைத் தளர்த்தினேன்.
ஒரு சுற்று. இரண்டு.
மூன்றாவதில் விரல் நுழைந்தது.
ஹேண்ட் பிரேக், மூன்றாம் கியர், கால்.
பட்டென்று அணைந்தது எஞ்சின்.
அவ்வளவுதான், ஃபிக்ரெத். நானூறு மார்க்.

கையைத் துடைத்துவிட்டு உடனே கிளம்பவில்லை.
அடுத்த வாரம் இதே பெடலை
அந்தக் கால் மிதிக்கும்.
ஸ்பானரை எடுத்து அரைச் சுற்று திரும்ப இறுக்கினேன்.
விரலகலம் வேண்டிய இடத்தில் அரை விரல்.
தாங்கும். தாங்காவிட்டால் பார்ப்போம்.

இரவு செய்தி அனுப்பினேன்:
"புதன்கிழமை மோஸ்தாருக்குத் துணி கொண்டுபோகிறேன்.
ஆஸ்பத்திரி வழியில்தான். முன் இருக்கை காலி."
மோஸ்தாரில் எனக்கு ஓட்டலே கிடையாது.

பதில் வர நள்ளிரவு தாண்டியது.
ஒரே வரி.
"நட்டைத் தொட்டாயா?"